பள்ளிகள் மூடிக்கிடந்த மாதங்களில் பதின்ம வயதினர்: குற்றம் முழுவதும் சமூக ஊடகத்தின் மீதா?

பதிவு 1: கரிசல்மண்

வணக்கம். விருதுநகர் மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாகப் பணியாற்றுகிறேன். கொரோனாக் காலத்தில் பதின்ம வயதில் இருந்த பிள்ளைகளைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், அது ஆசிரியர் அறையாக இருந்தாலும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டமாக இருந்தாலும், ‘கையில் செல்போனைக் கொடுத்தோம், பிள்ளைகள் கெட்டுப்போனார்கள்’ என்ற தீர்ப்போடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்தத் தீர்ப்பை எழுதுமுன் விசாரிக்க வேண்டியவை நிறைய இருப்பதாக நான் உறுதியாக நம்புவதால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

முதலில் காலத்தை நினைவுபடுத்திக்கொள்வோம். தமிழ்நாட்டில் 2020 மார்ச் மாதம் பள்ளிகள் மூடப்பட்டன. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகள் 2021 ஜனவரி 19 அன்றும், ஒன்பதாம், பதினொன்றாம் வகுப்புகள் பிப்ரவரி 8 அன்றும் திறந்தன. மார்ச் 22 முதல் 9, 10, 11 வகுப்புகள் மறுபடியும் நிறுத்தப்பட்டன. இரண்டாம் அலை ஓய்ந்த பிறகு, ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை செப்டம்பர் 1 அன்றும், எட்டாம் வகுப்பு வரையிலானவை நவம்பர் 1 அன்றும்தான் திறக்கப்பட்டன. ஆறாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்குப் போன ஒரு பிள்ளை, எட்டாம் வகுப்பு மாணவராகத்தான் மறுபடி வாசலுக்குள் நுழைந்தார். இடையில் குரல் உடைந்திருந்தது. பெண் குழந்தைகள் சிலர் பூப்பெய்தியிருந்தார்கள். அந்த மாற்றங்களை ஒத்த வயதுப் பிள்ளைகளின் நடுவே இருந்து கடக்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

பள்ளிக்கூடம் அவர்களுக்குத் தந்துகொண்டிருந்தவற்றில் பாடம் ஒரு பகுதிதான். சைக்கிளில் சேர்ந்து போவதும், சண்டையிட்டு மறுநாளே ராசியாவதும், வீட்டில் வாய் திறக்க முடியாத ஒன்றைக் கடைசி பெஞ்சில் சொல்லித் தீர்ப்பதும் ஒரே நாளில் நின்றுபோயின. பிள்ளைகள் திரைக்குள் போய் உட்கார்ந்தார்கள் என்று குறைப்படுகிறோம்; வேறு எங்கே போய் உட்கார்ந்திருக்க முடியும் என்று யாரும் கேட்பதில்லை.

நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் காலையில் ‘பிரசன்ட் மிஸ்’ என்று பிள்ளைகள் தட்டச்சு செய்வதுதான் வருகைப் பதிவு. எப்போதும் முதலில் பதிவிடும் ஒரு மாணவி மெல்ல மெல்லக் கடைசிக்குப் போனார். பிறகு அவருடைய முகப்புப் படம் காணாமல் போனது. ஒரு நள்ளிரவில், கறுப்புப் பின்னணியில் ‘எல்லாரும் ஆன்லைன்லதான் இருக்காங்க’ என்ற ஒற்றை வரியை ஸ்டேட்டஸாக வைத்திருந்தார். மறுநாள் அவர் தாயாரிடமும் அவரிடமும் பேசியபோது, உடன் படிக்கும் தோழிகள் இவரைச் சேர்க்காமல் தனிக் குழு தொடங்கியிருந்தது தெரியவந்தது. வகுப்பறையிலும் ஒதுக்கல் உண்டு. ஆனால் அங்கே ஒதுக்கியவர்களே மறுநாள் பிற்பகலில் பென்சில் கேட்டு வந்து நிற்பார்கள், காயம் ஆறிவிடும். குழுவிலிருந்து விடப்பட்ட பிள்ளைக்கு மறுநாள் பிற்பகல் என்று ஒன்று வரவே இல்லை. அந்தப் பெண்ணை வாட்டியது செயலியா, மூடிய பள்ளியா? உங்கள் வீடுகளிலும் பள்ளிகளிலும் பார்த்தவற்றை எழுதுங்கள்.

பதிவு 2: பாலாற்றங்கரை

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். நான் ஒரு தகப்பன் என்ற இடத்திலிருந்து எழுதுகிறேன். உங்கள் கேள்வி நியாயமானது என்றாலும், அது அந்தச் செயலிகளை மிக எளிதாக விட்டுவிடுகிறது என்பது என் கருத்து.

என் மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. வகுப்புக்கென்று வாங்கிய கைப்பேசியில் படங்களும் குறுங்காணொளிகளும் வரும் ஒரு செயலியை ஏற்றிக்கொண்டாள். முதலில் கோலமும் சமையலும் பார்த்தாள். சில மாதங்களில், முகம் வெளுக்க என்ன பூசலாம், இடுப்பு குறைய எதைச் சாப்பிடாமல் இருக்கலாம் என்பவையே ஒன்றன்பின் ஒன்றாக அவள் முன் வந்து நின்றன. அவள் தேடிப் போய்ப் பார்த்தது சில, தாமாக வந்தவை பல. இரவுச் சாப்பாட்டைச் சாப்பிடாமல் தட்டிலேயே அளைந்துகொண்டிருந்தாள். வகுப்பில் கேமராவைப் போடச் சொன்னால் அழுதாள். திரையின் ஓரத்தில் தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை என்று அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். பள்ளி திறந்திருந்தாலும் அந்தக் காணொளிகள் அப்படித்தான் வந்திருக்கும் அல்லவா?

ஒரு பிள்ளை எதில் ஒரு நொடி கூடுதலாகத் தயங்குகிறதோ அதையே திரும்பத் திரும்பக் காட்டும்படி ஓர் இயந்திரத்தைச் செய்துவிட்டு, அதை 14 வயதுப் பிள்ளையின் கையில் கொடுப்பவர்களுக்குப் பொறுப்பு இல்லையா? பதினாறு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கு கூடாது என்று ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் 2024 நவம்பரில் சட்டம் இயற்றியபோது நான் மனதார வரவேற்றேன். பெற்றோர் ஒவ்வொருவரும் தனித்தனியே தம் பிள்ளையோடு மல்லுக்கட்டுவதைவிட அரசு ஒரு கோடு போட்டுவிடுவது நல்லது என்பதே இன்றும் என் நிலைப்பாடு.

பதிவு 3: அந்தஆண்டுமாணவன்

நான் 2020இல் பத்தாம் வகுப்பு படித்தவன். எங்கள் பொதுத்தேர்வு தள்ளித் தள்ளிப் போய், ஜூன் மாதம் ரத்தாகி, காலாண்டு அரையாண்டு மதிப்பெண்களுக்கு 80 விழுக்காடும் வருகைப் பதிவுக்கு 20 விழுக்காடும் கணக்கிட்டு அனைவரும் தேர்ச்சி என்று அறிவித்தார்கள். ஊரில் எங்களுக்குக் ‘கொரோனா பாஸ்’ என்று பெயர் வந்தது. மாதக்கணக்கில் படித்ததைக் காட்ட ஓர் இடமே இல்லாமல் போனதை, உடன் படித்தவர்களைத் தவிர யாரிடமும் என்னால் சொல்ல முடியவில்லை. அவர்களோ கைப்பேசிக்குள் மட்டும்தான் இருந்தார்கள்.

நாங்கள் ஏன் நள்ளிரவில் விழித்திருந்தோம் என்பதற்கு ஒரு காரணம் பெரியவர்களுக்குத் தெரியாமலே போயிருக்கலாம். எங்களில் பெரும்பாலோருக்கு இருந்தது நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி திட்டம். காலை வகுப்புகளும் ஆசிரியர்கள் அனுப்பும் காணொளிகளுமே அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். மாலையில் நண்பர்களோடு பேச டேட்டா மிஞ்சாது. இரவு பன்னிரண்டு மணிக்கு அடுத்த நாளின் டேட்டா வந்து சேரும். ஆகவே பன்னிரண்டுவரை காத்திருந்து, பிறகு குழுவில் கூடுவோம். கல்லூரி மாணவர்களுக்கு 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை நாள்தோறும் 2 ஜிபி டேட்டாவை அரசு இலவசமாக வழங்கியது. பள்ளி மாணவர்களுக்கு அப்படி எதுவும் வரவில்லை.

விளையாட்டுச் செயலிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுடுவதும் ஓடுவதும் திரையில் நடந்துகொண்டிருக்கும். காதில் நண்பர்களின் குரல் கேட்டுக்கொண்டிருக்கும். எங்களுக்கு வேண்டியிருந்தது அந்தக் குரல்தான். 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் தடை செய்யப்பட்டபோது நகரத்தில் அதைப் பலர் கொண்டாடினார்கள். எங்கள் ஊரில் ஆடு மேய்த்துக்கொண்டே நடித்துக் காட்டிய ஒரு பையனுக்கு, ஊருக்கு வெளியே அவனைப் பாராட்டிய ஒரே இடம் அதுதான். அவன் அதன்பின் வேறு செயலிக்கு வந்து பார்த்துவிட்டு, அங்கே எல்லாரும் பெரிய வீட்டுப் பிள்ளைகளாக இருக்கிறார்கள் என்று சொல்லி விலகிவிட்டான்.

இவற்றோடு, பாலாற்றங்கரை ஐயா சொல்வதில் உள்ள கொடுமையையும் நான் மறுக்க மாட்டேன். 2021 மே மாதத்தில் எங்கள் கைப்பேசிகள் எங்களைக் காப்பாற்றவில்லை. ஸ்டேட்டஸைத் திறந்தால் வரிசையாகக் கண்ணீர் அஞ்சலிப் படங்கள்: நண்பனின் அப்பா, டியூஷன் அக்கா, பக்கத்துத் தெருப் பெரியவர். ஓர் அஞ்சலிப் படத்தைத் தள்ளினால் அடுத்து ஒரு நகைச்சுவைத் துணுக்கு வரும், அதையும் தள்ளினால் ஆக்சிஜன் படுக்கை கேட்டு ஒரு செய்தி வரும். எதற்கு அழுவது என்று தெரியாமல் எதற்கும் அழாமல் இருந்தோம். துக்க வீட்டுக்குப் போக முடியாத காலத்தில் ‘ஆர்ஐபி’ என்று மூன்று எழுத்தை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தது இன்னும் மனத்தில் உறுத்துகிறது.

பதிவு 4: வைகைவடகரை

மதுரையில் பதின்ம வயதினருக்கான மனநல ஆலோசகராக இருக்கிறேன். இங்கே எழுதிய மூவரும் சொல்பவை ஒன்றோடொன்று முரண்படுவதாக எனக்குத் தோன்றவில்லை.

‘ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்’ என்ற கேள்வியைத்தான் பெற்றோர் என்னிடம் முதலில் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு ஆய்வுகள் தரும் விடை ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆமி ஆர்பென், ஆண்ட்ரூ பிரிசிபில்ஸ்கி ஆகிய இருவரும் 3.5 லட்சத்துக்கும் மேற்பட்ட பதின்ம வயதினரின் தரவுகளை ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட கட்டுரையில், பிள்ளைகளின் மனநலத்தில் காணப்படும் வேறுபாட்டில் மின்னணுக் கருவிப் பயன்பாட்டோடு தொடர்புடைய பங்கு அதிகபட்சம் 0.4 விழுக்காடுதான் என்று கண்டார்கள். இது பெருந்தொற்றுக்கு முந்தைய ஆய்வு, சராசரியைப் பேசும் ஆய்வு. பாலாற்றங்கரை ஐயாவின் மகள் சராசரி இல்லை. எந்த வீட்டுப் பிள்ளையும் இல்லை. ஆர்பெனும் உடன் பணியாற்றியவர்களும் 2022இல் வெளியிட்ட பிரிட்டன் ஆய்வில், சமூக ஊடகப் பயன்பாடு கூடும்போது ஓராண்டுக்குப் பின் வாழ்க்கை நிறைவு குறைகிற போக்கு, பெண் பிள்ளைகளிடம் 11 முதல் 13 வயதுவரையும், ஆண் பிள்ளைகளிடம் 14, 15 வயதிலும் தெளிவாகத் தென்பட்டது. உடலும் மனமும் மாறும் பருவத்தில் அதே திரை கூடுதலாகச் சுடுகிறது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். நம் பிள்ளைகளின் அந்தப் பருவத்தின் மீதுதான் பள்ளி மூடல் வந்து விழுந்தது.

இன்ஸ்டாகிராமை நடத்தும் பேஸ்புக் நிறுவனத்தின் உள் ஆய்வுகளை அதன் முன்னாள் ஊழியர் பிரான்சிஸ் ஹாகன் வெளிக்கொணர்ந்து 2021 செப்டம்பரில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் வெளியிட்டதையும் இங்கே சொல்ல வேண்டும். தம் உடலைப் பற்றி ஏற்கெனவே தாழ்வாக உணர்ந்த பதின்ம வயதுப் பெண்களில் 32 விழுக்காட்டினர், அந்தச் செயலி தங்களை இன்னும் மோசமாக உணரச் செய்ததாகச் சொல்லியிருந்தார்கள். ‘எல்லாப் பெண்களிலும் மூன்றில் ஒருவர்’ என்று இதைச் சிலர் பெருக்கிச் சொல்கிறார்கள், அது சரியன்று. ஆனால் ஏற்கெனவே நொந்திருக்கும் பிள்ளையை அது மேலும் நோகச் செய்கிறது என்பதே எனக்குப் போதுமான கவலை. அடைபட்டிருந்த மாதங்களில் நொந்திருந்த பிள்ளைகளின் எண்ணிக்கை கூடியிருந்தது.

என்னிடம் அழைத்துவரப்பட்டவர்களிடம் நான் முதலில் விசாரித்தது தூக்கத்தைத்தான். பதின்ம வயதில் தூக்கம் வரும் நேரம் இயல்பாகவே பின்னுக்குப் போகும். காலை ஒன்பது மணிப் பள்ளி மணி அதை ஓரளவு இழுத்துப் பிடித்து வைத்திருந்தது. அந்த மணி நின்றதும் தூக்கம் ஒரு மணிக்கும், மூன்று மணிக்கும், சிலருக்கு விடியற்காலைக்கும் சரிந்தது. கேமராவை அணைத்துவிட்டுப் போர்வைக்குள் இருந்தபடியே வருகையைப் பதிவுசெய்துவிட்டுத் தூங்கியவர்கள் பலர். வெயில் படவில்லை, உடல் அசையவில்லை, பசி நேரம் தவறியது. இந்த நிலையில் உள்ள பிள்ளை அதிகாலை மூன்று மணிக்கு எதைப் பார்த்தாலும் மனம் கனக்கும். அந்த ஆண்டு மாணவன் தம்பி எழுதியிருக்கும் நள்ளிரவு டேட்டாச் செய்தி எனக்கு முன்பே தெரிந்திருந்தால் பல பெற்றோரிடம் வேறு விதமாகப் பேசியிருப்பேன்.

இன்னொன்று, பேசுவதற்கும் வெறுமனே பார்ப்பதற்கும் உள்ள தூரம். பதின்ம மூளைக்கு ஒத்த வயதினரின் உறவு எவ்வளவு தேவை என்பதை விளக்கி, சாரா ஜேன் பிளேக்மோர் உள்ளிட்டோர் 2020இல் லான்செட் குழுமத்தின் இதழில் எழுதியபோது, நேரில் சந்திக்க முடியாத இழப்பை இணையவழி உறவு ஓரளவு தணிக்கக்கூடும் என்றும் குறிப்பிட்டார்கள். என் அனுபவமும் அதையே சொல்கிறது. இரண்டு தோழிகள் காணொளி அழைப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, அதிகம் பேசாமல் ஆளுக்கொரு பாடம் எழுதிக்கொண்டிருந்த வீடுகளை நான் அறிவேன். அந்தப் பிள்ளைகள் தேறி வந்தார்கள். ஒரு வார்த்தை எழுதாமல், ஒருவரும் தன்னை அழைக்காமல், பிறர் வாழ்வதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள்தாம் வாடினார்கள். கணக்கில் இரண்டும் அதே நான்கு மணி நேரம்.

பதிவு 5: கொல்லிமலைச்சாரல்

கைப்பேசியே இல்லாத பிள்ளைகளை இந்த இழை மறந்துவிடக் கூடாது. அவர்கள் எந்தக் கணக்கில் வருகிறார்கள்?

பதிவு 6: கரிசல்மண்

மிகச் சரியான கேள்வி. ஊரகப் பிள்ளைகளின் கல்வி நிலையை ஆராயும் ஏசர் அறிக்கையின் 2020ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, நாட்டின் ஊரகப் பகுதிகளில் பள்ளியில் சேர்ந்திருந்த பிள்ளைகளுள் 61.8 விழுக்காட்டினரின் வீட்டில்தான் திறன்பேசி இருந்தது. 2018இல் அது 36.5 விழுக்காடு. வீட்டில் இருப்பது வேறு, பிள்ளையின் கையில் இருப்பது வேறு. எங்கள் ஊரில் அப்பா பட்டாசு ஆலைக்கோ கட்டட வேலைக்கோ புறப்படும்போது கைப்பேசியும் கூடவே போய்விடும். இரவு எட்டு மணிக்குத் திரும்பி வரும்போது வகுப்புக் குழுவில் நூற்றுக்கும் மேற்பட்ட செய்திகள் குவிந்திருக்கும். அண்ணனும் தங்கையும் இருந்தால் முதல் உரிமை அண்ணனுக்கு; தங்கை பார்க்கும்போது பக்கத்தில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். கல்வித் தொலைக்காட்சியில் பாடம் வந்தது, உண்மை. தோழி வரவில்லை. அந்தப் பிள்ளைகளுக்குச் சமூக ஊடகத்தால் கேடு நேரவில்லை என்று யாராவது சொன்னால், பள்ளி திறந்த அன்று அவர்கள் வகுப்பில் நுழைந்து, மற்றவர்கள் பேசிச் சிரிக்கும் எதுவும் விளங்காமல் சுவரோரம் நின்றதை நான் சொல்வேன். தெருமுனைக்கே வந்து தன்னார்வலர்கள் பாடம் நடத்திய இல்லம் தேடிக் கல்வித் திட்டம் 2021 அக்டோபர் இறுதியில் தொடங்கியபோது, அதுவும் எட்டாம் வகுப்புவரைதான்.

பதிவு 7: நெய்தல்நிலம்

சென்னையிலிருந்து எழுதுகிறேன். ஒரு செய்தி இதுவரை இங்கே வரவில்லை. 2021 மே மாதத்தில், இணைய வகுப்பில் ஓர் ஆசிரியர் முறைகேடாக நடந்துகொண்டதையும் அதற்கு முன் பல ஆண்டுகளாக நடந்தவற்றையும் சென்னைப் பள்ளி ஒன்றின் மாணவியரும் முன்னாள் மாணவியரும் வெளியே சொன்னது சமூக ஊடகத்தில்தான். ஒருவர் பேசியதும் அடுத்தடுத்து வேறு பள்ளிகளின் மாணவியரும் பேசினார்கள். கைது நடந்தது, இணைய வகுப்புகளைப் பதிவுசெய்து வைக்க வேண்டும், ஆசிரியரும் மாணவரும் வகுப்பறைக்குரிய உடையில் வர வேண்டும் என்பன போன்ற நெறிமுறைகளை முதலமைச்சர் அறிவித்தார்.

பள்ளிக் கட்டடம் திறந்திருந்த ஆண்டுகளில் அந்தப் பெண்களுக்குச் சொல்ல இடம் கிடைக்கவில்லை என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். பதினாறு வயதுவரை கணக்கே கூடாது என்று கோடு போடும்போது, வீட்டிலும் பள்ளியிலும் கேட்பதற்கு ஆளில்லாத பிள்ளை எங்கே போய்ச் சொல்லும் என்பதற்கும் ஒரு விடை வேண்டும். சொன்ன பிறகு அந்தப் பெண்களில் சிலர் மீது விழுந்த வசைகளும் அதே ஊடகத்தில்தான் வந்தன என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

பதிவு 8: பாலாற்றங்கரை

நெய்தல்நிலம் அம்மா சொன்னது கனமான செய்தி. அதற்கு என்னிடம் உடனடி விடை இல்லை. ஆயினும் நிறுவனங்களுக்குக் கடிவாளம் வேண்டும் என்பதிலிருந்து நான் விலகவில்லை. பிள்ளைகள் சொல்ல ஓர் இடம் வேண்டும் என்பதற்காக, முகம் வெளுக்கும் களிம்பை 14 வயதுப் பெண்ணிடம் நாளெல்லாம் காட்டும் உரிமையை யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை.

ஆலோசகர் அவர்களிடம் நடைமுறையில் ஒன்று கேட்கிறேன். என் மகன் இப்போது ஒன்பதாம் வகுப்பு. வடகிழக்குப் பருவமழைக்குத் தொடர் விடுமுறை விட்டாலே அவன் கொரோனாக் காலம்போல நள்ளிரவு தாண்டியும் கைப்பேசியோடு விழித்திருக்கத் தொடங்கிவிடுகிறான். கைப்பேசியைப் பிடுங்கி வைத்துவிடலாமா?

பதிவு 9: வைகைவடகரை

பிடுங்க வேண்டாம் ஐயா. தண்டனையாகப் பிடுங்கிய வீடுகளில், பிறகு அந்தப் பிள்ளைக்கு இணையத்தில் மிரட்டலோ ஆபாசச் செய்தியோ வந்தால், கைப்பேசி போய்விடும் என்ற பயத்தில் பெற்றோரிடம் சொல்வதே இல்லை. அதைவிடப் பெரிய கேடு கிடையாது. இரவு பத்து மணிக்கு வீட்டில் உள்ள எல்லாருடைய கைப்பேசிகளும் கூடத்தில் ஓரிடத்தில் சார்ஜுக்குப் போகட்டும், உங்களுடையதும் சேர்த்துத்தான். விடுமுறை நாளிலும் எழுந்திருக்கும் நேரம் பள்ளி நாளைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரவுத் தூக்கம் தானாக முன்னுக்கு வரும். ‘எவ்வளவு நேரம் பார்த்தாய்’ என்று கேட்பதற்குப் பதில், ‘இன்றைக்கு யாரோடு பேசினாய்’ என்று கேட்டுப் பாருங்கள். ஒரு வாரமாக விடை ‘யாரோடும் இல்லை’ என்றே வந்தால் அப்போது கவலைப்படுங்கள். தூக்கமும் சாப்பாடும் குலைந்து, பிடித்தவற்றில் எல்லாம் நாட்டம் போய்விட்டால், தாமதிக்காமல் 14416 என்ற எண்ணில், அரசின் மனநல உதவி மையமான டெலிமானஸில் பேசலாம். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

ஆசிரியை அவர்களே, பள்ளியின் பக்கமிருந்து ஒன்று செய்ய முடியும். நீண்ட விடுமுறையில் குழுவில் அதிகம் பேசுகிற பிள்ளைகளையே ஆசிரியர்கள் கவனிக்கிறார்கள். முன்பு பேசிக்கொண்டிருந்து இப்போது பேசாமல் போனவர்களின் பெயர்களைத் தனியே எழுதிவைக்கச் சொல்லுங்கள். நீங்கள் அந்த மாணவியைக் கண்டுபிடித்தது அப்படித்தான்.

பதிவு 10: கரிசல்மண்

நன்றி. அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதை முன்வைக்கப் போகிறேன். ஐந்து நாட்களுக்கு மேல் தொடர் விடுமுறை வந்தால், வகுப்பாசிரியர் அமைதியாகிப்போன பிள்ளைகளையும் வீட்டில் கைப்பேசி இல்லாத பிள்ளைகளையும் பட்டியலிட்டு, முன்னவர்களிடம் தொலைபேசியிலும் பின்னவர்களிடம் அதே தெருவில் இருக்கும் மாணவர் ஒருவரை அனுப்பியும் விசாரிக்க வேண்டும் என்பது என் முன்மொழிவு. ஆசிரியர்களின் சொந்த எண்ணிலிருந்து மாணவியரை அழைப்பதில் உள்ள தயக்கம் எனக்குப் புரிகிறது. நெய்தல்நிலம் எழுதியதற்குப் பிறகு அந்தத் தயக்கம் இன்னும் நியாயமாகத் தோன்றுகிறது. பள்ளிக்கென்று ஒரு பொது எண் வைத்து, தாயாரும் உடனிருக்கப் பேசுகிற முறையை எந்தப் பள்ளியாவது நடைமுறைப்படுத்தியிருந்தால், அதை எப்படிச் செய்தார்கள் என்று இங்கே எழுதுங்கள்.